எஞ்சினின் மூன்று கால்கள்

கடகடவென்று ஏதாவது ஆடினால் எனக்குப் பொறுக்காது. பிறவிக் குணம். கதவுத் தாழ்ப்பாள் காற்றில் தட்டினாலும் சரி, கஞ்சிப்பானை மூடி அதிர்ந்தாலும் சரி, எழுந்து போய் அதை அடக்கிவிட்டு வந்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவசாலையில் நான் கம்பவுண்டராக இருந்தேன். என் அலமாரியில் ஒரு புட்டி இன்னொரு புட்டியோடு உரசியது கிடையாது. நான் தக்கை அடைத்த புட்டியைத் திறக்க என்னைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். என் வீட்டுக்காரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதனின் பிழைப்பைக் கெடுக்க இருந்தேன். அதை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் டாக்டரம்மாவுக்குச் சீமையிலிருந்து ஒரு மோட்டார் வண்டி வந்தது. அந்த அம்மாள் வெள்ளைக்காரி. வேதப் புஸ்தகத்தையும் ஒரு முன்ஷியையும் வைத்துத் தமிழ் படித்தவர். வாசல் பெருக்குகிறவரையும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். கண்டிப்பில் இரும்பு, நோயாளி முன்னால் மட்டும் வெண்ணெய். வாரத்தில் ஒரு நாள் ராதாபுரத்துக்கும் ஒரு நாள் சாத்தான்குளத்துக்கும் போய் மருந்து கொடுப்பது எங்கள் வழக்கம். மாட்டு வண்டியில் போனால் போகிற நாள் ஒன்று, வருகிற நாள் ஒன்று, முதுகு வலிக்கிற நாள் ஒன்று. மோட்டார் வந்த பிறகு காலையில் போய்ப் பொழுது சாய வந்துவிடலாம் என்றார்கள்.

வண்டி ஓட்ட ஒருவர் வேண்டுமே. கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் வந்தார். கத்தோலிக்கர், என் வயதுதான் இருக்கும். தூத்துக்குடித் துறையில் கப்பலுக்குச் சரக்கு இழுக்கும் நீராவி லாஞ்சில் எஞ்சின் பார்த்தவர். அங்கே என்ன நடந்தது என்பதை வந்த அன்றே ஒளிக்காமல் டாக்டரம்மாவிடம் சொன்னார். லாஞ்சின் எஞ்சினைத் தாங்கும் கட்டைகள் இளகிவிட்டன, அரைநாள் நிறுத்தினால் சரிசெய்து விடுகிறேன் என்று மேலாளிடம் கேட்டிருக்கிறார். சரக்கு காத்திருக்கிறது, எடு என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். எடுத்தார். நடுக்கடலில் உடைந்தது. எடுக்கச் சொன்னவரை யாரும் கேட்கவில்லை. எடுத்தவரை மட்டும் வெளியே அனுப்பினார்கள், சர்ட்டிபிகேட்டும் இல்லாமல். சர்ட்டிபிகேட்டு இல்லாத எஞ்சின்காரனை எந்தத் துறையில் சேர்ப்பார்கள்? இரண்டு வருஷம் அண்ணன்மாருடைய வலையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

டாக்டரம்மா கேட்டுவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார். ஆறு மாதம் பார்ப்பேன். உம்முடைய கவனக்குறைவால் ஒன்றும் நேராவிட்டால் என் கையால் சர்ட்டிபிகேட்டு எழுதித் தருவேன். நேர்ந்தால் நீர் போகலாம். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. காலையில் வண்டி கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்னால் கொட்டகைக்கு வந்து எஞ்சின் மூடியைத் தூக்குவார். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை ஓடவிடுவார். பிறகு ஒரு உள்ளங்கையை எஞ்சின் மேலும், மற்றதை வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் பார்த்தபோது ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது. எஞ்சினில் இருக்கும் துடிப்பு எவ்வளவு, அதில் சட்டத்துக்கு வந்து சேருவது எவ்வளவு என்று கையாலேயே பார்க்கிறார். நான் நாடி பிடிப்பதை விடச் சுத்தமான காரியம் அது.

எஞ்சின் வண்டியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு மூன்று கால்கள். முன்னால் ஒன்று, அது ஒரு வளையத்துக்குள் செருகி இருக்கும், கொஞ்சம் புரள இடம் உண்டு. பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு கைகளைப் போல் நீண்டு சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு இடத்திலும் சட்டத்துக்குள் ஒரு மரக்கட்டை, அதன் வழியாகப் போல்ட்டு, மேலே நட்டு. நட்டு கழன்று விழாதபடி குறுக்கே ஒரு சின்னக் கம்பியைச் செருகி வளைத்திருப்பார்கள். எஞ்சினின் கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவராக இரண்டு தோல் துண்டு வைத்திருந்தார். கமலையில் தண்ணீர் இறைக்கும் தோல், பழசானது, புன்னை எண்ணெயில் ஊறவைத்தது. எத்தனை வருஷம் இழுபட்டாலும் அறாத தோல் என்று அதைத் தேடி வாங்கி வந்திருந்தார்.

நான்கு காலாக வைத்து நன்றாக இறுக்கியிருந்தால் இன்னும் உறுதியாக இருக்குமே, வெள்ளைக்காரனுக்கு ஒரு கால் வாங்க வக்கில்லையா என்று நான் கேலியாகக் கேட்டேன். அவர் மருத்துவசாலை முற்றத்தைக் காட்டினார். அங்கே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மேடும் பள்ளமுமான தரையில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

“மூணு கல்லு வச்சா பானை எந்த மேட்டுலயும் ஒக்காரும் அண்ணாச்சி. நாலு வச்சா ஆடும்” என்றார். அப்புறம் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். “இது ரோட்டுக்குத் தக்கன முறுகும். எஞ்சின் வார்ப்பு, அது முறுகாது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு இறுக்குனா எது ஒடியும், சொல்லுங்க.”

எனக்குப் புரிந்தது என்று தலையாட்டினேன். காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை.

வாரம் ஒரு முறை அந்த மரக்கட்டைகளை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் வெறுமையாக வந்தால் கட்டை உலர்ந்து சுருங்குகிறது என்று அர்த்தம். தோலில் எஞ்சின் எண்ணெய் சொட்டினால் அது கொழகொழத்துப் போகும், அதனால் துடைத்துக்கொண்டே இருப்பார். போல்ட்டு போகிற துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று ஈர்க்குச்சியை விட்டுப் பார்ப்பார். அவர் வெற்றிலை போடுகிறவர். நட்டை அளவாகத் திருகி முடித்ததும் டப்பாவிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பெடுத்து, நட்டிலிருந்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவார். மறுநாள் அந்தக் கோடு ஒரே நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. முறிந்திருந்தால் அசைந்திருக்கிறது. இதற்கு எந்தப் புஸ்தகமும் வேண்டாம், எந்த அளவுகோலும் வேண்டாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. ராதாபுரம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை; பச்சைக் கட்டையை வெளியே போட்டால் சாயங்காலம் விறகாகிவிடும். சீமையிலிருந்து வந்த அந்த மரக்கட்டைகள் சுருங்கி வெடிக்கத் தொடங்கின. எஞ்சின் தன் இடத்தில் லேசாக ஆட, எனக்குப் பிடிக்காத அந்தக் கடகடச் சத்தம் வந்துவிட்டது. அவரோ பதறவில்லை. ஊரில் திருவிழாவுக்குப் போகிறேன், தோணி கட்டுகிற இடத்தில் நன்றாக உலர்ந்த பூவரசு கிடக்கும், அதில் இரண்டு கட்டை செதுக்கிக்கொண்டு வருகிறேன், அதுவரை பையப் போனால் ஒன்றும் ஆகாது என்றார். ஆறு மாதத்தில் ஐந்து மாதம் கழிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாத்தான்குளத்திலிருந்து திரும்பும்போது அயோடின் புட்டி ஒன்று ஆட்டத்தில் விரிசல் விட்டு என் புதுக் கோட்டில் ஊற்றிவிட்டது. அயோடின் கறை போகுமா? வெள்ளைக் கோட்டில் இலங்கை வரைபடம் போல் ஒரு காவிக்கறை. எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

சனிக்கிழமை அவர் ஊருக்குப் போய்விட்டார். மத்தியானம் நான் கொட்டகைக்குள் போனேன். மூடியைத் தூக்கிப் பார்த்தால் நட்டுகளின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பு அப்பிக் கிடக்கிறது. அது எதற்கு என்று தெரிந்திருந்தும், அன்றைய கோபத்தில் ஆஸ்பத்திரிக்காரனுக்கு அது அழுக்காகத்தான் பட்டது. ஈரத்துணியால் துடைத்தேன். குறுக்குக் கம்பியை உருவி, நட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் கருத்துப் போன தோல் துண்டுகள். ஓகோ, இந்தக் கந்தல்தான் நடுவில் கிடந்து ஆட்டம் கொடுக்கிறது என்று அவற்றை உருவிக் குப்பைக் குழியில் எறிந்தேன். அப்புறம் ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். எலும்பு முறிந்து வருகிறவனுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறவன் நான். முறிந்தது அசையக்கூடாது, அசைந்தால் சேராது, அதுதான் என் படிப்பு. ஸ்பானர் போதாமல் அதன் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலைச் சட்டத்தில் மிதித்துக்கொண்டு, நட்டு கீச்சென்று கத்தும் வரைக்கும் இழுத்தேன். கொட்டகைப் பக்கம் வந்த தோட்டக்காரரைக் கூப்பிட்டு எஞ்சினைச் சுழற்றச் சொன்னேன். ஒரு கடகடப்பு இல்லை. கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் துண்டில் சுற்றிய இரண்டு பூவரசங்கட்டையோடு நேராக ரயிலடியிலிருந்து வந்தார். ரயில் பிந்திவிட்டது. டாக்டரம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, ராதாபுரத்தில் போன வாரமே பார்க்க முடியாமல் திருப்பியனுப்பிய ஜனங்கள் காத்திருப்பார்கள் என்ற கவலை. அவர் எஞ்சினைக் கை வைத்துப் பார்க்கக் கால்மணி நேரம் கேட்டார். திரும்பி வந்து செய்யும் என்றார் டாக்டரம்மா. அவர் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார். அப்போது பின் இருக்கையிலிருந்து நான் வாயைத் திறந்தேன்.

“சத்தமே இல்லைவே. எடும்.”

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எடுத்தார்.

சத்தம் இல்லைதான். ஆனால் பாளையங்கோட்டை தாண்டியதுமே ஒன்று கவனித்தேன். முன்பு எஞ்சின் ஆடும், நாங்கள் சும்மா இருப்போம். இப்போது எஞ்சின் சும்மா இருந்தது, நாங்கள் ஆடினோம். இருக்கைப் பலகை வழியாக நடுக்கம் ஏறி என் பல்லுக்கு வந்தது. மருந்துப் பெட்டியின் பூட்டு தானாக முணுமுணுத்தது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை இரண்டு தரம் பிடித்துக்கொண்டார். ஓட்டுகிறவர் சக்கரத்திலிருந்து ஒரு கையை எடுத்து முன்பலகையில் வைத்து வைத்துப் பார்த்தார். நாங்குநேரி கடந்ததும், அடுத்த மர நிழலில் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன் என்றார். மர நிழலுக்கு முன்னால் ஒரு ஓடை வந்தது. தண்ணீர் இல்லை, வெறும் மணலும் கல்லும். வண்டியின் ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்க, மற்றது மேட்டில் நிற்க, சட்டம் முறுகியது. ஒரு சத்தம். தேங்காய் உடைத்தது போல ஒரே ஒரு சத்தம்.

இறங்கி மூடியைத் தூக்கினார். எஞ்சினின் வலது பக்கத்துக் கை அடியோடு ஒடிந்து, எஞ்சின் அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. நட்டு மட்டும் நான் வைத்த இடத்தில் அப்படியே உறுதியாக இருந்தது. அவர் குனிந்து நட்டைப் பார்த்தார். சுண்ணாம்பு இல்லை. விரலை விட்டுத் தடவினார். தோல் இல்லை. பிறகு நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரே தரம்தான்.

டாக்டரம்மா இறங்கி வந்து, காலையில் சோதித்தீரோ என்று கேட்டார். இல்லை என்றார். அது உம்முடைய வேலை அல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றார். மூன்று பேருக்கும் அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மருந்துப் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அவரோ வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு, பக்கத்துப் பனங்காட்டுக்குள் போனார். பதநீர் காய்ச்சுகிற காலம். குடிசை குடிசையாகப் புகை வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து நாலு பேர் ஒரு பனங்கையும், கிணற்று வடமும், கருப்பட்டிச் சாக்கு இரண்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பனையைப் பிளந்து கூரைக்குப் போடுகிற நீண்ட மரத்துண்டு அது. அதை எஞ்சினுக்கு அடியில் குறுக்காக, சட்டத்தின் இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி செலுத்தினார். எஞ்சினுக்கும் மரத்துக்கும் நடுவில் சாக்கை நாலாக மடித்துத் திணித்தார். ஆப்பு அடித்து எஞ்சினைப் பைய உயர்த்தி, அது பழைய மட்டத்துக்கு வந்ததா என்று எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருக்கும் பலகைக்கும் இடையில் இரண்டு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வடத்தின் நுனியை என் கையில் கொடுத்தார்.

“நீங்கதான் கட்டுப் போடுத ஆளு. கட்டுங்க அண்ணாச்சி.”

நான் கட்டினேன். எனக்குத் தெரிந்த மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அவர் என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார்.

“கட்டுப் போட்ட பொறவு விரல் நீலமா மாறுதான்னு பாப்பியல்லா? அது மாதிரி வைங்க. ரத்தம் ஓட இடம் வேணும்.”

அதை அவர் குரலை உயர்த்திச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. வேலையைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு நெற்றியில் அடித்தாற்போல் இருந்தது. பதினைந்து வருஷம் சிம்பு கட்டுகிறேன். இறுக்கிக் கட்டிய கை அழுகிப் போய் வருவதை எத்தனை பார்த்திருக்கிறேன். கட்டு என்றால் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்று சின்னக் கம்பவுண்டர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். மனிதக் கைக்குத் தெரிந்தது இரும்புக் கைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வடத்தைத் தளர்த்தி, விரல் நுழைகிற அளவுக்குக் கட்டினேன். அவர் எஞ்சினைச் சுழற்றினார். அது லேசாக ஆடியது, சாக்கு அதை வாங்கிக்கொண்டது. அந்தக் கோலத்தில் நடை வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ராதாபுரம் போய்ச் சேர்ந்தோம். காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்தோம். வழியில் ஒன்றும் நேராமல் அந்தப் பனங்கையோடேயே பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். இந்தக் காரியத்தை இன்னொருவர் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை என் முடிவைச் சொல்லுகிறேன் என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லிவிட்டார். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. நான் அடைத்த தக்கைகள் அந்த வாரம் ஒழுகின. சொல்லிவிடு என்று காலையில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மத்தியானம் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடுவேன்: அவர் சோதிக்காமல் எடுத்தது நிஜம்தானே, பழைய கட்டை வெடித்திருந்தது நிஜம்தானே, நான் சொன்னால் என் வேலைக்கும் அல்லவா வரும். பயந்தவனுக்கு நியாயம் எவ்வளவு வேகமாகக் கிடைக்கிறது என்று அப்போதுதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை கொட்டகைப் பக்கம் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து புதுப் பூவரசங்கட்டைகளை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். ஒடிந்த கையைக் கொல்லன் இரண்டு பட்டை இரும்பு வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தான். சீமையிலிருந்து புதிது வரும்வரை அது தாங்கும். சனிக்கிழமை போகப்போகிறவர் வெள்ளிக்கிழமை எதற்கு இதைச் செய்கிறீர் என்று கேட்டேன். அடுத்து வருகிறவன் வந்ததும் வண்டியை எடுக்க வேண்டாமா என்றார். கட்டையை வெளிச்சத்தில் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்தபடியே, ஏதோ ஸ்பானரை எடுத்துக் கொடு என்பது போலக் கேட்டார்:

“அந்தத் தோலை எங்கன போட்டிய அண்ணாச்சி? புதுத் தோலு இன்னும் ஊறல.”

குப்பைக் குழிக்குப் போனேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, ஒரு வாரத்துப் பஞ்சும் கட்டுத்துணியும் கிளறி, இரண்டு தோல் துண்டையும் எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அவர் பக்கத்தில் வைத்தேன். கை நாற்றத்தோடேயே டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தோலை எறிந்தது, சுண்ணாம்பைத் துடைத்தது, குழாய் செருகித் திருகியது, எடும் என்று சொன்னது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், நீர் இதை எனக்குச் சொல்ல ஏன் ஐந்து நாள் ஆயிற்று என்று கேட்டார். பயம் என்றேன். அதைத்தான் நான் நினைத்தேன் என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் சுடுகிறது. பிறகு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் செய்தது உமக்குத் தெரியுமோ என்று கேட்டார்.

“தெரியும்மா” என்றார்.

“பின்னே ஏன் மறைத்தீர்?”

“மறைக்கலம்மா. அவுக திருகுனது அவுகளோட. கை வைக்காம வண்டிய எடுத்தது என்னோடல்லா? நீங்க கேட்டது அதத்தான.”

டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே கஞ்சி காய்ச்சுகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அவசரப்படுத்தியது நான்” என்றார். அந்த அம்மாள் தன் மேல் ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டதை என் வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான் கேட்டேன். என்னை மூன்று மாதம் வண்டியில் ஏறக்கூடாது என்று தண்டித்தார்; மாட்டு வண்டியில் ஒரு நாள் முன்னதாக மருந்துப் பெட்டியோடு கிளம்பிப் போனேன், எல்லா மேடுபள்ளத்தையும் எண்ணிக்கொண்டு. அவரை வேலையில் இருக்கச் சொன்னார்.

ஆறு மாதம் முடிந்த அன்று டாக்டரம்மா சர்ட்டிபிகேட்டு எழுதி அவர் கையில் கொடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கொட்டகைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார், என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். படித்துத் தமிழில் சொன்னேன். நாணயமானவர், மதுப் பழக்கம் இல்லாதவர், எஞ்சினை உடம்பு போலப் பேணுகிறவர், நடுவழியில் ஒடிந்த எஞ்சினைப் பனங்கையில் கட்டி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்றெல்லாம் இருந்தது. எந்த ஜமீனிலும் அதைக் காட்டி வேலை வாங்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் யோசித்தார். கை வைக்காமல் எடுத்ததைப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, நல்லதைத்தான் எழுதுவார்கள் என்றேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன், இந்த மனிதர் கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாரே என்று. அதையும் எழுதித் தாருங்கள் என்று அவர் கேட்டதும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்படியானால் என் பெயரையும் போடுங்கள் என்று நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். “இது இவருடைய சர்ட்டிபிகேட்டு, உம்முடையது அல்ல” என்று டாக்டரம்மா என்னை அடக்கிவிட்டார். பிறகு அவரிடம், எந்த வேலைக்காரனும் தன் தவறை எழுதித் தரச் சொல்லி நான் கண்டதில்லை, காரணம் என்ன என்று கேட்டார்.

“ரெண்டு தரம் ஒடிஞ்சிருக்கும்மா, லாஞ்சுல ஒண்ணு, இங்கன ஒண்ணு. ரெண்டும் அவசரத்துல எடுத்ததுதான். இதப் படிச்சிட்டு வண்டியக் குடுக்கிறவுக, காலையில என்னிய அவசரப்படுத்த மாட்டாகல்லா.”

டாக்டரம்மா காகிதத்தை வாங்கி, கையெழுத்துக்கு மேலே மீதி இருந்த இடத்தில் எழுதினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தேன்: ‘ஒரு நாள் காலையில், நான் அவசரப்படுத்தியதால், இவர் எஞ்சினைக் கையால் சோதிக்காமல் வண்டியை எடுத்தார், அது ஒடிந்தது. இவரை வேலைக்கு வைப்பவர் தினமும் இவருக்குக் கால்மணி நேரம் கொடுக்கக் கடவர்.’